நாவற்குழிப் பாலம் ஆடாது

சுவிஸில் எங்கள் ஆட்களுக்கு மலை என்பது வெகுகாலம் நாட்காட்டியில் தொங்கிய படம்தான். 1980களில் வந்திறங்கிய பெடியள் நாங்கள் பேர்ணிலும் தூணிலும் இன்ரலாக்கனிலும் ஹொட்டல் குசினிகளில் கோப்பை கழுவினோம். மலை பார்த்தபடி சாப்பிடவென்று வருகிறவர்களுக்கு முன்பக்க யன்னல். குசினி யன்னலைத் திறந்தால் குப்பைத் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் நித்திரை, இல்லாவிட்டால் யாராவது ஒருவரின் பிள்ளைக்குச் சாமத்தியவீடு. வெள்ளைக்காரர் குடும்பத்தோடு முதுகுப்பையும் தடியுமாக மலைக்குப் போவதை ரெயினுக்குள் இருந்து பார்த்து, “உதுகளுக்கு வேறை வேலை இல்லையோ” என்று சிரித்திருக்கிறோம். ஊரில் நடக்கவேண்டியதெல்லாம் நடந்து முடித்துவிட்டு வந்த சனத்துக்கு, சும்மா நடப்பது எதற்கென்று விளங்கவில்லை.

இந்த நாட்டுக்காரருக்கு அது விளையாட்டு அல்ல. 1979இல் சனத்திடம் வாக்குக் கேட்டு, நடைபாதைகளைப் பேணவேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தவர்கள். இன்றைக்கு 65,000 கிலோமீற்றர் அளவுக்கு நடைவழி இருக்கிறது. சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை. அதில் தூரம் இராது, நேரம்தான் இருக்கும்: இந்த ஊருக்கு ஒன்றரை மணித்தியாலம், அந்த ஊருக்கு இரண்டு மணி பத்து நிமிடம். யாருடைய கால் கணக்கு அது என்று நான் யோசிப்பதுண்டு. கட்டாயம் என்னுடையது அல்ல.

என்னை நடக்க வைத்தவள் என் மகள். இங்கே பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பிள்ளைகளை எங்காவது மலைப்பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவளுக்குத் தூண் ஏரியின் கரையெல்லாம் அப்படித்தான் பழக்கம். அந்த ஏரியைச் சுற்றி 56 கிலோமீற்றர் அளவில் ஒரு நடைவழி போகிறது. அதன் வடகரைத் துண்டில்தான் சிக்றிஸ்வில் தொங்குபாலமும், சென்ற் பெயாத்துஸ் குகையும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம் என்று அவள் பலமுறை கேட்டிருந்தாள். நான் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 2022 கோடையில் பெரியம்மா கொக்குவிலில் இருந்து வந்தபிறகு சாட்டுச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

பெரியம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் கொக்குவிலில் இருந்து நல்லூருக்கு நடந்துதான் போய்வருவார். திருவிழாக் காலத்தில் தினமும். அந்த வருடம் ஊரில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசை. “வரிசையில நிண்டு நிண்டே கால் உரம் வைச்சிட்டுது தம்பி” என்றார். சேலைக்குக் கீழே மகளின் பழைய சப்பாத்தும் தடித்த காலுறையும் போட்டுக்கொண்டார். பையில் றொட்டியும் கட்டச்சம்பலும், போத்தலில் தேத்தண்ணீர். மேலே கடை இருக்கிறது என்றேன். “கடைச் சாப்பாடு பிறகு பாப்பம்” என்று பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

பாலம் ஏஷ்லன் என்ற சிற்றூரையும் சிக்றிஸ்வில்லையும் இணைக்கிறது. நடுவில் கும்மி என்ற பள்ளத்தாக்கு. 2012இல் கட்டியது, நீளம் 340 மீற்றர், அடியில் ஓடும் ஆற்றிலிருந்து உயரம் 180 மீற்றருக்கு மேல். நடுவில் தூண் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புக் கயிறுகள், இடுப்புக்கு மேல்வரை வலை. கடப்பதற்கு ஒராளுக்கு எட்டுப் பிராங்.

“எட்டுப் பிராங்கோ? ஒராளுக்கோ?” பெரியம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். “மூவாயிரம் ரூபாய் வருது!”

“வாங்கோ பெரியம்மா, நான் கட்டிப்போட்டன்.”

“காசு கிடக்கட்டும். அங்காலை போய் என்ன அலுவல்?”

“அலுவல் ஒண்டுமில்லை. பாக்கத்தான்.”

“பாக்கிறதுக்கு இஞ்சை நிண்டே பாக்கலாமே.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது உண்மைதான். கீழே நீலத்தில் பச்சை கலந்த ஏரி, எதிர்க்கரையில் கூம்பாக நீசன் மலை, தூரத்தில் ஐகர், மோன்ஞ், யுங்பிறவ் மூன்றும் வெள்ளையாக. மகள் ஏற்கெனவே பாலத்தில் முப்பது நாற்பது அடி போய் நின்று கை காட்டினாள். அவளுக்குப் பின்னால் பாலம் தொய்ந்து போய் அக்கரையில் மெல்ல ஏறியது.

பெரியம்மா “முருகா” என்று ஒரு கையால் என் தோளையும் மறுகையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிரே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பேர்ண் முறைப்படி வணக்கம் சொல்லிக் கடந்தார்கள். நடைவழியில் முன்பின் தெரியாதவருக்கும் வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். அதே மனிதரை அடுத்த நாள் பேர்ண் ரெயின் நிலையத்தில் கண்டால் முகம் கொடுத்தும் பார்க்கமாட்டார். பெரியம்மா எல்லாருக்கும் தமிழில் “வணக்கம், வணக்கம்” என்றார். ஆள் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் அல்ல, அலையாக எழுந்து தாழ்ந்தது. எதிரே ஒரு பெரிய மனிதர் வரும்போது அவருடைய காலடி நம்முடைய முழங்காலுக்கு வந்து சேர்ந்தது.

நடுப்பாலத்தில் பெரியம்மா நின்றார். பயந்துவிட்டார், திரும்பச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

“நாவற்குழிப் பாலம் ஆடாது” என்றார். “ஆனா கால் வைக்க இடமில்லை.”

1995 ஒக்ரோபர் 30ஐப் பற்றி அவர் அதற்கு முன் என்னிடம் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. அன்றிரவு வலிகாமத்துச் சனம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான சனம், போவதற்கு இருந்ததோ செம்மணிப் பக்கத்தால் நாவற்குழிக்குப் போகும் வழி. அப்போது நான் பேர்ணில், பி.பி.சி. தமிழோசையைக் கேட்டுக்கொண்டு, ஊருக்குத் தொலைபேசி இல்லாமல், தெரிந்தவர் வீடு வீடாக விசாரித்துத் திரிந்தேன். யார் செத்தது, யார் இருக்கிறது என்பது கடிதம் வந்தபிறகுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் பெரியம்மா “நாங்கள் எல்லோரும் சுகம், கொடிகாமத்தில் இருக்கிறோம்” என்று ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

மிச்சத்தைத் தொங்குபாலத்தில் நின்று சொன்னார். மழை. பெரியப்பா சைக்கிளை உருட்ட, கரியரில் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார்களாம். காலும் மேசையும் வீட்டோடு. பாலத்தடிக்கு வந்தபிறகு ஒரு அடி வைத்தால் அடுத்த அடி வைக்க எவ்வளவு நேரமென்று இல்லை. முன்னால் நின்ற கிழவி நின்றபடியே நித்திரை. விழ இடமில்லாததால் விழவில்லை. “விடியத்தான் அங்காலை ஏறினம். கீழ தண்ணி இருக்கெண்டே எனக்கு ஞாபகமில்லை. ஆற்றையோ முதுகுதான் பாத்துக்கொண்டு வந்தனான்.”

இதைச் சொல்லிவிட்டுக் குனிந்து வலைக்குள்ளால் பள்ளத்தாக்கை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “இது நல்லாத் தெரியுது” என்றார். பின்னால் ஒரு குடும்பம் எங்களுக்காகப் பொறுமையாகக் காத்து நின்றது. நாங்கள் நகர்ந்தோம்.

சிக்றிஸ்வில்லில் றொட்டி சாப்பிட்டு, பஸ்ஸில் கீழே இறங்கி மேர்லிகனுக்குப் போய், அங்கிருந்து குகைக்கு நடந்தோம். கரையோரச் சாலைக்கு மேலே காட்டுக்குள்ளால் போகும் பழைய யாத்திரை வழி அது. ஸ்பெயினில் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரை வழிகளில் ஒன்று சுவிஸ் முழுவதையும் ஊடறுத்துப் போகிறது. அதன் ஒரு துண்டு இது. இதைச் சொன்னதும் பெரியம்மாவின் நடையே மாறிவிட்டது. பாலத்தில் “என்ன அலுவல்” என்று கேட்டவர், கோயில் வழி என்றதும் எங்கள் இருவருக்கும் முன்னால் போனார். அவருடைய தாயார், எங்கள் அம்மம்மா, செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர். கிழக்குக் கரை வழியாக, கடைசியில் குமணக் காடும் யாலக் காடும் தாண்டி, ஒன்றரை இரண்டு மாத நடை. யுத்தத்தில் அது நின்றுபோயிருந்தது. பெரியம்மாவுக்குப் போகக் கிடைக்கவில்லை. “எத்தினை நாள் நடக்கவேணும் அந்த ஸ்பெயினுக்கு?” என்று கேட்டார். மகள் கைத்தொலைபேசியைத் தட்டி ஒரு கணக்குச் சொன்னாள். “அவ்வளவோ” என்றார், விலை கேட்டவரைப்போல.

பெயாத்துஸின் கதையை மகள் வழியிலேயே சொன்னாள். பிரித்தானியத் தீவுகளில் இருந்து வந்த துறவியாம். மலையில் ஒரு நாகம் குடியிருந்து ஊராரை அலைக்கழித்ததாம். இவர் சிலுவையைக் காட்ட, அது கொதித்துக்கொண்டு ஏரிக்குள் பாய்ந்ததாம். பிறகு அந்தக் குகையிலேயே தவமிருந்து 112ஆம் ஆண்டில் முக்தி அடைந்தார் என்பது ஐதீகம். இந்தக் கதையை 1511இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி எழுதிப் பாசலில் அச்சிட்டார். வேறொரு பெயாத்துஸின் வரலாற்றை எடுத்து ஒட்டியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். யாத்திரை வந்த சனத்துக்கு அது பொருட்டாக இருந்திராது. கொள்ளைநோய்க்கு நேர்த்தி வைத்து வந்த சனம் அது.

“காளிங்கன்தான்” என்றார் பெரியம்மா. “தண்ணிக்குள்ள கலைச்சுவிட்டது மட்டும்தான் வித்தியாசம். தண்ணிக்குள்ள விட்டா அங்கையல்லோ கிடக்கும்?”

குகைவாசல் செங்குத்தான பாறையில், அருவி ஒன்றின் பக்கத்தில் இருக்கிறது. அருவி குகைக்குள்ளிருந்தே வருகிறது. அதன் குறுக்கே சின்னச் சின்னப் பாலங்கள். வாசலில் துறவியின் அறை, கல்லறை, ஒரு சிலை. இதுவரை 14 கிலோமீற்றர் அளவுக்கு உள்ளே அளந்திருக்கிறார்கள். ஒரு கிலோமீற்றர் அளவுக்குத்தான் நாங்கள் போகலாம். 1904இல் பொதுமக்களுக்குத் திறந்தது. உள்ளே கோடையென்றாலும் பத்துப் பாகைக்குள்தான். வெளியே வியர்த்து வந்த உடம்புக்கு முதலில் சுகம், பிறகு நடுக்கம். பெரியம்மா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

அதற்கு முந்திய கிழமைதான் அவரை மரியாஸ்ரைனுக்குக் கூட்டிப் போயிருந்தோம். அதுவும் பாறைக்குள் மாதா. படி இறங்கிப் போகவேண்டும். சுவிஸ் தமிழர் சைவம், வேதம் என்று பாராமல் போகும் இடம். அங்கே மெழுகுதிரி கொளுத்தி, நேர்த்தி வைத்து, திருப்தியாக வந்தவர் இங்கேயும் அதை எதிர்பார்த்தார். ஆனால் பெயாத்துஸின் வாசலில் ஒரு விளக்கில்லை, திரி விற்பாரில்லை. நுழைவுச்சீட்டுக் கடையும், நாகம் போட்ட நினைவுப் பொருட்களும், குகையியல் அருங்காட்சியகமும்தான்.

“இவருக்கு ஏன் ஒருத்தரும் ஒண்டும் வைக்கேல்லை?”

1528இல் பேர்ண் அரசு சீர்திருத்தச் சமயத்துக்கு மாறியது. சிலைகள், யாத்திரைகள் எல்லாம் தடை. குகையைப் பார்த்துவந்த இன்ரலாக்கன் மடத்தையும் மூடினார்கள். இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் அதே வருடம் கிளர்ச்சி செய்து பார்த்தார்கள். பேர்ண் படை அனுப்பி அடக்கியது. யாத்திரிகர் அப்படியும் வந்துகொண்டிருக்க, குகையின் வாயில் மதில் எழுப்பி அடைத்தார்கள். மரியாஸ்ரைன் கத்தோலிக்கச் சொலொத்தூணில் இருந்ததால் தப்பியது. இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்ல, பெரியம்மா பாதியில் நிறுத்தினார்.

“கோயிலுக்குச் சனத்தை விடாம அடைச்சது. அவ்வளவுதானே? எங்களுக்கும் தெரியும்.” வலிவடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் பல வருடம் அடைபட்டுக் கிடந்த கோயில்களை அவர் மனதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பெரியப்பாவின் குலதெய்வக் கோயிலும் அதற்குள்தான் இருந்தது.

உள்ளே வெகுதூரம் போனபிறகு, கூரையில் இருந்து சுண்ணாம்புக்கூம்பு ஒன்று அவர் கை எட்டும் உயரத்துக்குத் தொங்கியது. நுனியில் ஒரு துளி. தொடவேண்டாம் என்று நான்கு மொழியில் எழுதியிருந்தது. பெரியம்மா கூம்பைத் தொடவில்லை. துளிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். அது உடனே விழவில்லை. நுனியில் பெருத்து, விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாகி, இன்னும் கொஞ்சம் பெருத்து, எங்களுக்குப் பின்னால் வந்த ஜப்பான்காரரும் நின்று பார்க்கத் தொடங்கியபிறகு விழுந்தது. அதைக் குடித்து, மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார். ஜப்பான்காரர் தன் கையையும் நீட்டினார். அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது, நாங்கள் நடந்துவிட்டோம்.

திரும்பும்போது சுன்ட்லவெனன் துறையில் கப்பல் பிடித்தோம். தூண் மட்டும் ஏரியால் போகலாம். மேல்தட்டில் இருந்து பார்க்கக் குகை ஒரு கறுப்புப் புள்ளி. பாலத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. பெரியம்மா சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டு, ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

“217 மீற்றர் அப்பம்மா” என்றாள் மகள். “அடியில குண்டு கிடக்கு.”

பகிடி என்றுதான் பெரியம்மா எடுத்தார். பகிடி இல்லை. 1918 முதல் 1964 வரை சுவிஸ் இராணுவம் மிஞ்சிய, பழுதான வெடிபொருட்களை இந்த ஏரியிலும் வேறு சில ஏரிகளிலும் கொட்டியது. தூண் ஏரியில் மட்டும் ஆயிரக்கணக்கான தொன். கரையில் வைத்திருப்பதிலும் தண்ணீருக்கு அடியில் இருப்பது பாதுகாப்பு என்று அந்தக் காலத்து எண்ணம். எண்ணம் வலுத்ததற்குக் காரணமும் இருந்தது: 1947 டிசம்பரில், ஏரிக்குத் தெற்கே கான்டர் பள்ளத்தாக்கில் மிற்கொல்ஸ் என்ற ஊரில், மலைக்குள் குடைந்து வைத்திருந்த இராணுவக் கிடங்கு இரவில் வெடித்தது. ஏறத்தாழ 3,000 தொன் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ஊர் திரும்பக் கட்டப்பட்டது. வெடிக்காத மிச்சம் இடிந்த பாறைக்குக் கீழே அப்படியே கிடந்தது. 2018இல்தான் அது இன்னும் ஆபத்தானது என்று அறிவித்தார்கள். துப்புரவாக்குவதற்காக ஊர்ச்சனம் 2030 அளவில் வீடுகளை விட்டுப் போகவேண்டும், பத்து வருடத்துக்கும் மேல் திரும்பமுடியாது என்று 2020இல் சொன்னார்கள்.

ஏரியில் கிடப்பதைக் கிளறினால்தான் கூடாது, சேற்றுக்குள் புதைந்திருப்பதே நல்லது, தண்ணீரைச் சோதித்தபடி இருக்கிறோம் என்பது அரசின் நிலைப்பாடு. பிறகு 2024இல், பாதுகாப்பாக எடுக்க யாரிடமாவது யோசனை உண்டா என்று போட்டி வைத்து 50,000 பிராங் பரிசு அறிவித்தார்கள். வன்னியில் கண்ணிவெடி கிண்டிய வெளிநாட்டு அமைப்புகளில் சுவிஸ் அமைப்பு ஒன்றும் இருந்தது. அவர்களுடைய வீட்டு முற்றத்திலேயே இவ்வளவு கிடந்தது என்பது அந்தக் கப்பலில் இருக்கும்வரை எனக்கு ஒன்றாகச் சேர்ந்து தோன்றவே இல்லை.

பெரியம்மாவுக்கு ஏரிக் குண்டில் அக்கறை இருக்கவில்லை. மிற்கொல்ஸைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

“எத்தினை குடும்பம்?”

“ஒரு நூற்றைம்பது, இருநூறு சனம் இருக்கும்.”

“எங்கை கொண்டுபோய் விடுகினம்? முகாமோ?”

“இல்லைப் பெரியம்மா, வீட்டை அரசாங்கம் வாங்கும். காசு குடுக்கும்.”

“சுடலை?”

அந்தக் கேள்விக்கு எனக்கும் மகளுக்கும் விடை தெரியவில்லை. பெரியம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “பத்து வருசத்துக்கு முதலே சொல்லுகினம். எங்களுக்கு இருட்டினாப்பிறகு சொன்னது” என்றார். அதை அவர் ஆதங்கமாகச் சொல்லவில்லை. பொறாமையாகவும் இல்லை. இரண்டு கடையில் ஒரே சாமானின் விலையை ஒப்பிட்டுப் பார்த்த குரல். கப்பல் தூணுக்குள் நுழைகிற நேரம் மிற்கொல்ஸுக்கு ஒருநாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். போய் என்ன செய்வதென்று கேட்டேன். “சும்மா, பாக்கத்தான்” என்றார்.

விசா முடிவதற்குள் அதற்கு நாள் வாய்க்கவில்லை. 2023இல் நாடாளுமன்றம் அந்த ஊரைத் துப்புரவாக்க 259 கோடிப் பிராங் ஒதுக்கியது. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன். இப்போதும் பெரியம்மா கொக்குவிலில் இருந்து எடுக்கும்போதெல்லாம், என் மகளின் படிப்பையும் என் பிறசரையும் விசாரித்த கையோடு கேட்பார்:

“அந்தச் சனம் எழும்பிப் போட்டுதோ?”

“இன்னும் இல்லைப் பெரியம்மா. 2030 எண்டுதான் சொல்லியிருக்கு.”

“அப்ப மெஷினைக் காலோட கொண்டுபோகலாம்.”